நிற்காமல் போன முதல் வெள்ளி

எனக்குக் கோபம் அதிகம், அதைவிடக் கண்டிப்பு அதிகம். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வருகிற பாகத்தை அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் பாஸ், மயிரிழை கூடினாலும் ரிஜெக்ட், நடுவில் பேச்சே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் என்னை விடவில்லை. பூசைக்குத் தாமதமாக வருகிறவர், நற்கருணை வாங்கும் வரிசையில் நின்று போனைத் தடவுகிறவர், கோயில் வாசலை அடைத்து வண்டியை நிறுத்துகிறவர், எல்லாருமே எனக்கு ரிஜெக்ட்தான். "மோட்ச வாசல்ல உங்களைக் காவலுக்குப் போட்டா உள்ள ஈ காக்கா நுழையாது" என்பாள் என் மனைவி.

இப்படிப்பட்டவனிடம்தான் எங்கள் அம்பத்தூர்ப் பங்குக் கோயிலில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிற வேலையைக் கொடுத்தார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஒரு சின்னச் சிமிழில் ஆறு அப்பங்களை வைத்து மூடித் தருவார். என் மனைவி தைத்த வெள்ளைத் துணிப்பையில் அதை வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படுக்கையில் கிடக்கிறவர்கள் இருக்கும் ஆறு வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போவேன். நன்மை என்று நாங்கள் சொல்கிற அது எங்களுக்கு வெறும் அப்பம் இல்லை. பூசையில் ஒப்புக்கொடுத்த பிறகு அது ஆண்டவரின் உடல், ஆண்டவரேதான்.

அதனால் பயிற்சியின்போதே சொல்லி அனுப்பினார்கள்: கோயிலிலிருந்து நேராக நோயாளியின் வீட்டுக்குப் போங்கள், வழியில் கடைக்குப் போவது, கதை பேசுவதெல்லாம் வேண்டாம். அவர்கள் சொன்னது அவ்வளவுதான். அதை இன்னும் நாலு சுற்று இறுக்கியது நான். பை கழுத்தில் இருக்கும்வரை எங்கேயும் நிற்க மாட்டேன், யாரிடமும் பேச மாட்டேன், போனை எடுக்க மாட்டேன். ஒருமுறை சிக்னலில் என் மைத்துனர் பக்கத்திலேயே வந்து நின்று "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டார். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது போய்விட்டது என்று அவர் குடும்பம் முழுக்கச் சொல்லிவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆறாவது வீடு முகப்பேரில், அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. அங்கே எண்பது தாண்டிய ஒரு ரிட்டயர்டு டீச்சர். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலும் ஜன்னலும்தான் அவருக்கு உலகம். கண்டிப்பில் எனக்கு அவர் அக்கா. சிறுவயதில் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் நன்மை வாங்கிப் பழகியவர். அந்தச் சட்டம் எப்போதோ தளர்ந்துவிட்டது. இப்போது ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும், நோயாளிகளுக்கு அதுவும் கட்டாயமில்லை. பங்குத்தந்தையே நேரில் வந்து சொல்லிப் பார்த்தார். "அது மத்தவங்களுக்கு ஃபாதர்" என்று டீச்சர் முடித்துவிட்டார். இத்தனைக்கும் அவருக்குச் சர்க்கரை. ராத்திரியும் காலையும் ஊசி போடுகிறவர். முதல் வெள்ளி வந்தால் மருமகளுக்கு உதறல். நான் போய்ச் சேருகிறவரை ஊசியும் இல்லை, இட்லியும் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் ஆனால் வியர்க்க ஆரம்பித்துவிடும். அதனால் டீச்சரின் பசி என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ள, நான் வண்டியை விரட்டுவேன்.

சென்ற வருடம் ஒரு முதல் வெள்ளி. ஐந்தாவது வீட்டில் நோயாளிக்குப் புண் கட்டிக்கொண்டிருந்ததால் காத்திருந்தேன். கிளம்பும்போதே ஒன்பது இருபது. தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்து நின்றது, மறுபடி அதிர்ந்தது. டீச்சரின் மருமகள்தான், வேறு யார்.

அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். இடது ஓரத்தில், மழைநீர்க் கால்வாயின் சிமெண்டு மூடிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. எதிலோ அடிபட்டிருக்கிறான். அடித்தவன் நிற்கவில்லை. நாற்பது வயது இருக்கும். சாம்பல் நிறச் சீருடைச் சட்டை, பையின் விளிம்பில் மஞ்சள் பட்டி. டிபன் டப்பா திறந்து சாம்பார் சாதம் மண்ணில் கொட்டியிருந்தது. ஒருக்களித்துப் படுத்தபடி ஒரு கையால் தலையை அழுத்திக்கொண்டிருந்தான், விரல் இடுக்கில் ரத்தம். கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் போனும் கையுமாக நின்றார்கள்.

நான் வேகத்தைக் குறைத்தேன். இடது காலைத் தரையில் ஊன்றியேவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். இன்னொரு கையைத் தூக்கினான், முழுதாகத் தூக்க முடியவில்லை, முழங்கை அளவுக்கு.

அந்த ஒரு நொடியில் எனக்கு மூன்று காரணங்கள் கிடைத்தன. அங்கே இரண்டு பேர் நிற்கிறார்கள், ஆம்புலன்சுக்குச் சொல்லியிருப்பார்கள். ரத்தம் பட்ட கையால் ஆண்டவரை எப்படித் தொடுவது. டீச்சர் பசியோடு இருக்கிறார். மூன்றும் நல்ல காரணங்கள். அளந்து பார்த்தாலும் பாஸ் ஆகிற காரணங்கள். காலை எடுத்தேன், ஆக்சிலேட்டரை முறுக்கினேன். கழுத்தில் வெள்ளைப் பை ஆடிக்கொண்டே வந்தது.

டீச்சர் வியர்த்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தார். செபம் சொல்லி நன்மை கொடுத்தேன். மருமகள் ஓடிவந்து இட்லியை ஊட்டிவிட்டு ஊசி போட்டாள். டீச்சருக்கு முகம் தெளிந்ததும் "ஏன் தம்பி, செபத்துல ஒரு வரியை விட்டுட்டீங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"சரியாத்தான் செஞ்சீங்க" என்றார் டீச்சர். "ஆண்டவரைச் சுமந்துக்கிட்டு நடுரோட்டுல நிக்க முடியுமா? உங்களை மாதிரி ஒழுங்கா இருக்கிறவங்க இப்ப யாரு இருக்காங்க?"

முப்பத்தாறு வருட வேலையில் எனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. ஆனால் படியிறங்கி முடிப்பதற்குள் அது கசந்துவிட்டது. இப்போது பை காலி, விதி ஒன்றும் என்னைத் தடுக்கவில்லை. வண்டியைத் திருப்பி அதே இடத்துக்கு ஓட்டினேன்.

அவன் இல்லை, சைக்கிளும் இல்லை. ரத்தத்தின்மேல் யாரோ மண்ணை அள்ளிப் போட்டிருந்தார்கள். சிந்திய சாதத்தை நாய் தின்றுகொண்டிருந்தது. எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டேன்.

"தண்ணி லாரிக்காரன் ஒருத்தன் நிறுத்தி, தூக்கிப் போட்டுக்கினு போய்ட்டான் சார். சைக்கிள நான்தான் உள்ள எடுத்து வெச்சிக்கீறேன்."

"உயிர் இருந்துச்சா?"

"தெர்ல சார். கண்ண மூடிக்கினு இருந்தான்."

தண்ணீர் லாரி என்றாலே எனக்கு ஆகாது. எமன் ஓட்டுகிற வண்டி என்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஓட்டுநர்களின் லைசென்சைப் பிடுங்க வேண்டும் என்று எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்திலேயே பேசியிருக்கிறேன். அந்த லாரிக்காரன் நிறுத்தியிருக்கிறான். பக்தியாகக் கழுத்தில் பையோடு வந்தவன் போயிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், டீச்சர் பாராட்டியதையும் சேர்த்து. அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "டீச்சர் சரின்னு சொன்னா ஆச்சா? அந்த ஆளோட பொண்டாட்டி வந்து கேட்டா, இதையே அவகிட்டயும் சொல்லுவீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன ஒரு குருவைப் பற்றி வேதாகமத்தில் ஆண்டவர் சொன்ன கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குருவின்மேல் எனக்கு ஆத்திரம் வரும். என்ன கல்நெஞ்சன், எப்படிப் போக முடிந்தது என்று. எப்படிப் போக முடியும் என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் கல்நெஞ்சனாக இருந்திருக்க வேண்டியதில்லை. கோயிலில் அவனுக்காக யாரோ காத்திருந்திருப்பார்கள். கை சுத்தமாக இருக்க வேண்டியிருந்திருக்கும். அவனுக்கும் மூன்று காரணங்கள் கிடைத்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எங்கள் பங்குத்தந்தைக்கு என் மகன் வயதுகூட இருக்காது. மெதுவாகப் பேசுகிறவர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இது பாவமா ஃபாதர்?" என்று கேட்டேன். விதியைக் காப்பாற்றினேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று உள்ளுக்குள் நப்பாசை.

"அது இருக்கட்டும் ஐயா. அந்த ஆள் உயிரோட இருக்காரா?"

"தெரியலை ஃபாதர்."

"அப்ப முதல்ல அதைத் தெரிஞ்சுக்குங்க. தேடிக் கண்டுபிடிங்க. உங்களுக்குப் பரிகாரம் அதுதான்."

"செபம் ஏதாவது சொல்லணுமா ஃபாதர்?"

"தேடும்போது சொல்லிக்குங்க."

ஐம்பது அருள்நிறை மரியே செபம் கொடுத்திருந்தால் முழங்காலில் நின்று அப்போதே முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இந்தப் பரிகாரம் கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அன்றைக்குப் பங்குப் பேரவைக் கூட்டம். "அவங்க பேசிக்கிட்டு இருக்கட்டும்" என்று அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டார். போகிற வழியில் அவராகவே சொன்னார். "நானா இருந்தா நின்னிருப்பேன்னு சொல்ல மாட்டேன் ஐயா. குருவான புதுசுல, பூசைக்கு நேரமாச்சுன்னு நானும் ஒருத்தரைத் தாண்டிப் போயிருக்கேன். பூசையைச் சரியான நேரத்துக்குத் தொடங்கிட்டேன். அன்னிக்கு என்ன பிரசங்கம் வெச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. அந்த ஆள் முகம் மட்டும் ஞாபகம் இருக்கு." ஒரு சாமியார் என்னிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்ததால் என் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் நர்சம்மா பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு "பேரு?" என்றார். தெரியாது என்றேன். "உங்களுக்கு என்ன உறவு?" என்றார். சாமியார்தான் "தெரிஞ்சவர்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை காலையில் தலையில் அடிபட்டு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குத் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒருவரை நிலைமை மோசம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குமேல் சொல்ல மாட்டோம் என்றார். அந்த மூன்றில் இவன் யார் என்று தெரியாமல் திரும்பினோம்.

என்னிடம் இருந்த ஒரே துப்பு அந்தச் சட்டை. சாம்பல் நிறம், பையில் மஞ்சள் பட்டி. பஞ்சர் கடையில் போய்க் கேட்டால், யாரோ வந்து சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அந்த நேரத்தில் கடையில் இருந்தது வேறு ஆள். தொழிற்பேட்டையில் சின்னதும் பெரிதுமாக எத்தனை கம்பெனி, எத்தனை சீருடை. தினமும் காலையில் ஆள் உள்ளே போகிற நேரத்திலும் சாயங்காலம் வெளியே வருகிற நேரத்திலும் ஒவ்வொரு கேட்டாகப் போய் நின்றேன். வாட்ச்மேன்கள் என்னை ஏதோ கடன் வசூலிக்க வந்தவன் என்று நினைத்தார்கள். நீலச் சட்டை, பச்சைச் சட்டை, சாம்பல் சட்டையில் சிவப்புப் பட்டி. ஒவ்வொன்றையும் பார்த்து ரிஜெக்ட் செய்துகொண்டே இருந்தேன். வேலையில் இருந்தபோதுகூட இவ்வளவு பயத்தோடு நான் எதையும் பரிசோதித்ததில்லை. அவன் செத்திருந்தால் நான் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

இதற்கிடையில் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "அந்த ஆள் என்ன ஆனாரு தம்பி?" தெரியவில்லை என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கேள்வி. மூன்றாவது முறை கேள்விகூட இல்லை, "தெரியலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம். ஒரு சந்துக்குள், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஒன்றுக்கு எதிரே டீக்கடை. அங்கே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சாம்பல் சட்டை. மஞ்சள் பட்டி. வண்டியை ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

"இங்க யாருக்காவது, மூணு வாரம் முன்னாடி, ரோட்டுல அடிபட்டு..." மூச்சு வாங்கியது.

"நம்ம அண்ணாத்தேயத்தான் கேக்குறாரு" என்றார் ஒருவர். "இன்னிக்கிதான் வேலைக்கி வந்துகிறாரு. அதோ."

பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தான். பாதித் தலையை மழித்திருந்தார்கள். காதுக்கு மேலே தையல் தடம் நீளமாக ஓடியது. உயிரோடு இருந்தான். பன்னைத் தின்றுகொண்டு இருந்தான். அவன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "நீ அந்த ஸ்கூட்டர் பெரியவருதானே?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றேன். "நீங்க கையைத் தூக்குனீங்க. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவன் பன்னை மென்று விழுங்கினான்.

"நீ காலு ஊனுனதும் நான் இன்னா நெனச்சேன் தெரியுமா சார்? ஒரு பெருசாச்சும் வந்துச்சே, பொயச்சோம்னு நெனச்சேன். அப்பால பாத்தா நீ போய்க்கினே கீற. ரெண்டு நாளு செம காண்டுல இருந்தேன். ஊட்ல சொல்லிச் சொல்லித் திட்டுனேன்." டீயைக் குடித்தான். "இப்போ இன்னா, தேடிக்கினு வந்துட்டியே. உடு. அது சரி, கய்த்துல ஒரு வெள்ளப் பை மாட்டிக்கினு இருந்தியே, அதுல இன்னா கீது?"

"எங்க சாமி" என்றேன். "நோயாளிங்களுக்குக் கொண்டுபோயிட்டு இருந்தேன். சாமியை வெச்சிருக்கும்போது வழியில நிக்கக் கூடாதுன்னு..."

"சாமியா?" அவன் கண்ணை அகல விரித்தான். "சாமிய வெச்சிக்கினா போன? அவருக்கு இன்னா சார் அவ்ளோ அவசரம்?"

சொல்லிவிட்டு அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு கூட இருந்தவர்கள், பிறகு டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்துவிட்டது. "இன்னா சார் நீ, எனக்குத்தான அடிபட்டுச்சு, நீ அய்வுற" என்று என் முதுகில் தட்டினான். எனக்கு ஒரு டீ சொன்னான். மூன்று வாரத்தில் முதல்முறையாகத் தொண்டைக்குள் ஒன்று சூடாக, தடையில்லாமல் இறங்கியது.

மனைவிக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "இருக்கான்" என்றேன். "ஆண்டவரே" என்று அவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். சாமியாருக்குச் சொன்னதும், "பரிகாரம் முடிஞ்சுது ஐயா, போய் நல்லாத் தூங்குங்க" என்றார். பிறகு, "அடுத்த தடவை நில்லுங்க. ஆண்டவரை வெச்சுக்கிட்டு நிக்கலாமான்னு யாராவது கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். கடைசியாக டீச்சர் வீட்டுக்குச் சொன்னேன். மருமகள்தான் எடுத்தாள். உள்ளே போய்ச் சொன்னாள். டீச்சர் போனை வாங்கவில்லை.

அடுத்த முதல் வெள்ளி வந்தது. வழக்கம்போல ஆறு அப்பம், வெள்ளைப் பை. வழியில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு பெண், ஸ்கூட்டி நின்றுபோய்ச் சாலையின் நடுவில் தவித்துக்கொண்டிருந்தாள். இறங்கி, அவளோடு சேர்ந்து ஓரம்வரை தள்ளிவிட்டு வந்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சாலையில் கை காட்டி வண்டிகளை நிறுத்தியபோது, எதிரே வந்த தண்ணீர் லாரிக்காரர் ஹார்ன் அடிக்காமல் பொறுமையாக நின்றார். அவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன். கழுத்தில் பையோடு நான் ஒரு மனிதருக்கு வைத்த முதல் வணக்கம்.

முகப்பேரில் டீச்சர் வீட்டுப் படி ஏறும்போது மணி ஒன்பதரை. மறுபடியும் தாமதம், வியர்த்துக் கிடப்பாரே என்று பதறிக்கொண்டு உள்ளே போனேன். மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள், முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. டீச்சர் கட்டிலில் தெளிவாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஒரு தட்டு. தட்டில் கொஞ்சம் சட்னியும் அரை இட்லியும் மீதம்.

நான் தட்டைப் பார்த்ததை டீச்சர் பார்த்தார்.

"ஊசி போட்டு எட்டு மணிக்கே சாப்பிட ஆரம்பிச்சிட்டேன். முதல் இட்லி இறங்கவே இல்லை தம்பி. எழுபது வருஷப் பழக்கம்." தட்டை ஓரமாகத் தள்ளினார். "என் பசிக்காகத்தானே அன்னிக்கு ஓடுனீங்க. அதுக்கு நான் வேற, சரியாச் செஞ்சீங்கன்னு சொல்லி அனுப்புனேன். நீங்க தேடுன மூணு வாரமும் எனக்கு ஒழுங்காத் தூக்கமே இல்லை. இனிமே முதல் வெள்ளிக்கு நான் சாப்பிட்டுட்டே இருக்கேன். எனக்காக ஓட வேண்டாம். வழியில யாராச்சும் விழுந்து கிடந்தா, நின்னு, அவங்களைப் பார்த்துட்டு வாங்க."

கையைக் கழுவிக்கொண்டு வந்து சிமிழைத் திறந்தேன். அப்பத்தை எடுத்து உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன்.

"ஆமென்" என்று டீச்சர் வாயைத் திறந்தார். பூண்டுச் சட்னி வாசனை அடித்தது.